என்ஜின் பெட்டி மேல் ஒரு மஞ்சப்பை

என் மகளுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டும் ஒரே நாளில் நடந்தன. தற்செயல்தான் என்று மனைவியிடம் சொன்னேன். "அவளோட பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்கும் இப்படித்தான் தற்செயலா வந்துச்சு" என்றாள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது, வளர்ந்தது, முடி கொட்டியது எல்லாம் சென்னையில். நித்யா ஒரே பிள்ளை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். வீட்டை விட்டு ஒரு வாரம் தனியாக இருந்ததில்லை. "அந்த ஊர்ல நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்குப் பஞ்சைத் தெரியும்பா" என்றாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், காட்டினால்தான் திங்கட்கிழமை வேலையில் சேரலாம் என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். வரிசையில் இன்னொரு பெண் காத்திருக்கிறாள் என்பதையும் இனிமையான குரலில் சேர்த்துக்கொண்டார்கள். மில்லின் பெயரை நான் எழுதக் கூடாது என்பது நித்யாவின் உத்தரவு.

துணைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். யாருக்கு யார் துணை என்ற கேள்வியை வீட்டில் யாரும் எழுப்பவில்லை. அந்த வகையில் நல்ல குடும்பம். சான்றிதழ் ஃபைலை மட்டும் நான்தான் வைத்திருப்பேன் என்று அடம்பிடித்தேன். அதுவும் மஞ்சப்பையில். விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை, மணமக்கள் பெயர் அச்சிட்டது. திருடன் லேப்டாப் பையைத் தூக்குவான், மஞ்சப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்பது என் ஆராய்ச்சி முடிவு. "பேசாம அவகிட்டயே குடுத்துடுங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுக் குளித்துக் கோயிலுக்கு நடந்தோம். தெரு திரும்பியதும் கோபுரம். படத்தில் பார்த்ததுதானே என்ற அலட்சியத்தோடு நிமிர்ந்தேன். நிமிர்ந்தேன், இன்னும் நிமிர்ந்தேன், கழுத்து முடிந்துவிட்டது, கோபுரம் முடியவில்லை. கீழே ஒருவர் சைக்கிளைக் கோபுர நிழலில் சாய்த்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது நிழல். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நித்யா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்பா நீ பேசல. ரெக்கார்டு."

கோயிலில் நாச்சியாரின் கையில் ஒரு பச்சைக் கிளி. முழுக்க இலையால் செய்தது. மாதுளம்பூ மூக்கு. தினமும் புதிதாகச் செய்கிறார்களாம். இன்றைய கிளி நாளைக்குக் கிடையாது. நான் என் பழைய சட்டையை மூன்று வருடமாக மாற்றவில்லை. இந்த ஊருக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்துக் கழுத்து வலித்த கையோடு திரும்பிவிட வேண்டாம். அந்தக் கிளியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிறகு பால்கோவா. தெருவில் வரிசையாகக் கடைகள். எது ஒரிஜினல் என்று ஒரு கடைக்காரரிடமே கேட்டேன். கோபம் வரும் என்று ஓர் அடி பின்னால் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

"எல்லாமே ஒரிஜினல்தான் சார். மொதல்ல எந்தக் கடையில திங்கீயளோ அதான் ஒங்களுக்கு ஒரிஜினல்" என்று சொல்லிவிட்டு, சூடாக ஒரு கரண்டியைத் தாளில் வைத்து நீட்டினார். பெட்டியில் ஆறிப்போய்ச் சென்னைக்கு வந்து சேரும் சரக்குக்கும் இதற்கும் தூரத்து உறவுதான். அடுப்படியிலிருந்து விறகு வாசனையோடு வருகிறது, நாக்கில் மணல் மாதிரி நெருநெருத்து, பிறகு காணாமல் போகிறது. என் அறிவுரை: ஊருக்கு வாங்கிப் போவதைப் பற்றி யோசிக்காமல், நின்ற இடத்தில் முதலில் தின்றுவிடுங்கள்.

சனிக்கிழமை. மணி ஒன்பது. பதினோரு கிலோமீட்டர் தூரமுள்ள ராஜபாளையத்துக்கு நேர் பஸ் ஆயிரம் இருக்க, நான் பதற்றத்தில் முதலில் வந்த மினிபஸ்ஸில் ஏறினேன். அது மம்சாபுரம் சுற்றிப் போகிற வண்டி. "நேரம் இருக்குப்பா, விடு" என்றாள் நித்யா.

உட்கார இடமில்லை. டிரைவர் காஜா என்பவர் என் பையைப் பார்த்தார். "அதை இப்பிடி வையுங்க சார், எம்புட்டு நேரம் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிப்பீய?"

அவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி. அதன் மேல் ஏற்கெனவே ஒரு சந்தை. இரண்டு டிபன் கேரியர், ஒரு மிக்ஸி ஜார், மருந்துச்சீட்டு செருகிய பிளாஸ்டிக் பை, ஈரத்துணி சுற்றிய பூப்பந்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தெர்மோகோல் எரிமலை. என் மஞ்சப்பையை எரிமலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முன் சீட்டில் ஜெசிந்தா என்ற அம்மாள். பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் வேலை. என்னை விட நான்கைந்து வயது குறைவாக இருக்கும்.

"எங்கிட்டுப் போறீய? ஊருக்குப் புதுசா?"

இப்படி ஒரு கேள்வியைச் சென்னையில் யாராவது என்னிடம் கேட்டு எத்தனை வருடமாகிறது! அணை உடைந்தது. மகளின் படிப்பு, மில்லின் பெயர், பன்னிரண்டு மணி கெடு, வரிசையில் நிற்கிற இன்னொரு பெண், மஞ்சப்பை ஆராய்ச்சி, மாத்திரை போட்டும் நிற்காத வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியே கேட்டது. நித்யா ஜன்னல் வழியாகக் குதிக்கலாமா என்பது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை வேலைக்குப் போறதுக்கு ஒங்களுக்கு எதுக்குங்க வயித்தால போவுது?" என்றார் ஜெசிந்தா. "ஏ காஜா, பாத்தியா, இவரு மககூட ஹாஸ்டல்ல வந்து தங்கிருவாரு போல."

"லேடீஸ் ஹாஸ்டல்க்கா, சேக்க மாட்டாக" என்றார் காஜா, திரும்பாமலே.

வண்டி குலுங்கியது. ஜன்னலில் தென்னை, மா, அதற்குப் பின்னால் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பஸ் ஜன்னலில் இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. நீலமாகக் கிளம்பி, கிட்ட வரவரப் பச்சையாகி, மேகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே ஓடி வந்தது. கண்ணை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது பையிலிருந்து. கண் இருந்தது மலையில்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அதில் சிவப்பு எழுத்தில் "பருத்திப்பால்" என்று எழுதியிருந்தது. மணி பத்தேகால். மில்லுக்கு இன்னும் நாலு ஸ்டாப்தான். நேரமோ தாராளம். "இறங்கு, இறங்கு" என்று கத்திக்கொண்டே, பஸ் கிளம்பிவிடும் என்ற பயத்தில், மகளின் கையை இழுத்துக்கொண்டு குதித்தேன்.

பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் தேங்காயும் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினார் வண்டிக்காரர். பஞ்சைச் சட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், காயத்துக்கு வைத்திருக்கிறேன், காதில் அடைத்திருக்கிறேன். குடித்தது அன்றைக்குத்தான். தொண்டையில் கெட்டியாக இறங்கி வயிற்றைப் பிடித்து உட்கார வைத்தது. என் வயிறு ஒரு வாரத்தில் முதல்முறையாக அமைதியானது. இரண்டாவது டம்ளரை வாங்கினேன்.

"அப்பா" என்றாள் நித்யா. "ஃபைல்?"

டம்ளர் என் கையில் இருந்தது. இன்னொரு கையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

ஓடினேன். வண்டி போன திசையில்தான் ஓடினேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இல்லை என்கிறாள் நித்யா. தூரத்தில் ஒரு நீல வண்டி தெரிய, "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். அது தண்ணீர் லாரி. இதற்குள் என் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். திரும்பினால் வெள்ளைவெளேரென்று, ரோஜா நிற மூக்கோடு ஒரு ராஜபாளையம் நாய். கன்றுக்குட்டி உயரம். என் வேகத்துக்கு இணையாக, சிரமமே இல்லாமல், மேலே என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தது. நான் இன்னும் வேகமாக ஓடினேன். அதுவும்.

"கடிக்காது சார்!" என்று ஒரு வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. "ஓடுற ஆளப் பாத்தா தொணைக்கு ஓடும். ஒய்யாரம் புடிச்சது. ராரா... இட்ரா!" நாய் என் சட்டைக் கையை ஒரு நக்கு நக்கிவிட்டு நின்றது. தெலுங்கில் கூப்பிட்டால்தான் கேட்கும் போல. நானும் நின்றேன்.

தள்ளுவண்டிக்குத் திரும்பி வந்தபோது எனக்கு வியர்வையும் நாய் எச்சிலும் வழிந்துகொண்டிருந்தன. வண்டிக்காரர் பதற்றமே இல்லாமல் டம்ளர் கழுவினார்.

"எந்த வண்டி அண்ணாச்சி?"

"நீல வண்டி. முன்னாடி மாலை போட்டிருந்தது. பாட்டு ஓடிச்சு."

"எல்லா வண்டியும் அப்பிடித்தான். டிரைவரு யாரு?"

"காஜா" என்றாள் நித்யா.

"பைய எங்க வச்சீய? சீட்டுலயா, என்ஜின் மேலயா?"

"என்ஜின் மேல."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்பப் போய்ச் சேந்துருக்கும்."

"எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?"

"போக வேண்டிய எடத்துக்கு."

தத்துவம் கேட்கிற நேரமா இது? அவர் பொறுமையாக விளக்கினார்.

"இங்கன ஒரு பழக்கம் அண்ணாச்சி. சீட்டுல கெடந்தா அது மறந்த சாமான். என்ஜின் மேல இருந்தா அது குடுத்து விட்ட சாமான். மறந்த சாமானுக்கு ஆளத் தேடுவாக. குடுத்து விட்டதுக்கு எடத்தத் தேடுவாக."

அப்போதுதான் அந்த டிபன் கேரியர்களும் மிக்ஸி ஜாரும் எரிமலையும் எனக்குப் புரிந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரும் அந்த வண்டியில் இல்லை. சோறு, மருந்து, பூ, பழுதான மிக்ஸி எல்லாம் தனியாகப் பயணம் செய்துகொண்டிருந்தன. வழியில் யாரோ ஒருவர் நின்று வாங்கிக்கொள்வார். சென்னையில் ஒரு பை தனியாகக் கிடந்தால் மோப்ப நாய் வரும்.

ஆனால் என் பையில் முகவரி இல்லையே! விருத்தாசலத்து மணமக்கள் பெயர்தான் இருக்கிறது. என் மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு எல்லாம் விருத்தாசலத்துக்குப் போய் ஒரு புதுமணத் தம்பதியிடம் ஒப்படைக்கப்படுவதைக் கண்ணால் கண்டேன்.

பருத்திப்பால்காரர் காஜாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் விட்டு விட்டு அடித்தும் எடுக்கவில்லை. "வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாப்ல. நல்ல மனுசன்." வண்டி ஓட்டும்போது போன் பேசுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று இருபது வருடமாகப் பேசி வருகிறவன் நான். அந்த நிமிடம் கொள்கையை மாற்றிக்கொண்டேன்.

சரியாக அப்போது மனைவியின் போன்.

"ஃபைல் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

"அந்தத் தகவல்தான் வரணும்" என்று சொல்லாமல், "சிக்னல் இல்ல" என்று அணைத்தேன்.

போலீஸுக்குப் போகலாம் என்றேன். நித்யா மணியைப் பார்த்தாள். பதினொன்று இருபது. "நேரா மில்லுக்குப் போவோம். தொலைஞ்சதுன்னு நானே சொல்றேன். டைம் கேப்போம். தரலைன்னா..." ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

இங்கே ஒரு கேவலத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டும்போது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. வேலை போனால் என்ன? ராத்திரி ரயிலில் மகளும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். பழையபடி சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு. இந்த நினைப்பு முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வேணும்னே விட்டியா?"

"பருத்திப்பால் மேல சத்தியமா இல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு என் மகள் சிரிக்காமல் இருந்தால் நான் அடுத்த ஜோக் சொல்வேன். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. "மறந்துட்டேன்மா. ஆனா மறந்ததுல கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அது தப்பு" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. எச்சில் வழிந்த என் சட்டைக் கையைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

மில் கேட். உள்ளே இருந்து மழை பெய்கிற மாதிரி ஓயாத இரைச்சல். மீசை வைத்த செக்யூரிட்டி ஒருவர் எழுந்தார். நித்யா தொண்டையைச் சரி செய்துகொண்டு, "சார், என் பேரு நித்யா, சர்ட்டிபிகேட்..." என்று ஆரம்பித்தாள்.

"வாங்க பாப்பா, ஏன் இம்புட்டு லேட்டு?" என்றார் அவர். "ஒங்க பை எப்பவோ வந்துட்டு."

அறையின் உள்ளே ஒரு நீள பெஞ்சு. அதில் ஷிப்டு ஆட்களுக்கு வந்த டிபன் கேரியர்கள் இருபது முப்பது, வரிசையாக. அந்த வரிசையின் நடுவில், தானும் ஒரு டிபன் கேரியர்தான் என்பது போல, என் மஞ்சப்பை. விருத்தாசலத்து மணமக்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜெசிந்தாக்கா வண்டிய நிறுத்தி, எறங்கி வந்து, எங்கையில குடுத்துட்டுப் போனாவ. சென்னைப் பிள்ளை, இங்கதான் சேரப் போவுது, அப்பாவும் மகளும் பின்னால வாராகன்னு" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அந்த வயித்தால போற அப்பாவா?"

நித்யா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்குச் சிரிப்பதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். பையின் மேல் முகவரி இல்லை. ஆனால் நான் வண்டி முழுக்க வாய் ஓயாமல் ஒட்டிய முகவரி இருந்தது. கதை தெரிந்த ஒரு வண்டியில் சாமான் தொலையாது போலிருக்கிறது. மகளின் மானத்தை வாங்கிய பேச்சுதான் அவளுடைய சான்றிதழைக் கொண்டு வந்து சேர்த்தது. இதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுக்காக இனிமேலும் பேசலாம்னு இல்லப்பா" என்றாள்.

பையைத் திறந்தால் ஃபைலுக்கு மேலே வாழை இலைத் துண்டில் ஒரு முழம் மல்லிகை. என்ஜின் பெட்டியின் மேலிருந்த ஈரத்துணிப் பூப்பந்து நினைவுக்கு வந்தது. "மொத மொத வாரவ வெறுந்தலையோட உள்ள போவ வேண்டாம்னு அக்கா காசு குடுத்து வாங்கி வச்சது" என்றார் செக்யூரிட்டி. ஜீன்ஸ் போட்ட என் மகள், கண்ணாடி ஜன்னலில் பார்த்துப் பூவை வைத்துக்கொண்டு, பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே போனாள்.

நான் பெஞ்சில் டிபன் கேரியர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கேரியரிலிருந்து கருவாட்டுக் குழம்பு மணந்தது. வருகிறவர்கள் தங்கள் கேரியரை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். ஒரு மணி நேரம் கழித்து நித்யா வந்து என்னை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போனோம். வனத்துறைக் காவலர் என்னைக் கண்டதுமே, "சத்தம் போடாம வந்தா அணில் பாக்கலாம்" என்றார். செய்தி அங்கேயும் வந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தது. சாம்பல் நிறத்தில், பூனையளவு அணில், உடம்பை விட நீளமான வால். தலைக்கு மேலே ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு, நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில், வாலை விரித்துக்கொண்டு பறந்தது. பிடிமானம் விட்ட பிறகும், அடுத்த பிடிமானம் கிடைக்கும் முன்னாலும் அது கொஞ்சமும் அவசரப்படவில்லை. நான் மூச்சு விட மறந்தேன். நித்யா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை அவளை ஹாஸ்டலில் விட்டேன். வாசலோடு நிறுத்திவிட்டார்கள், காஜா சரியாகத்தான் சொன்னார். அவள் எட்டு மணி ஷிப்டுக்குப் போனாள். எனக்கு மாலை ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில். வழியில் சப்பட்டை மாம்பழம் வாங்கினேன். பார்க்க அமுங்கிப்போன மாதிரி இருக்கிறது, அழகுப் போட்டியில் நிற்காது. தோலோடு கடித்துப் பாருங்கள், மற்ற மாம்பழங்கள் எல்லாம் வெறும் நிறம் என்று தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அதே நீல வண்டி. காஜா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னைக்கு என்னத்த மறக்கப் போறீய?"

மஞ்சப்பையை நீட்டினேன். உள்ளே அரைக் கிலோ பால்கோவா, அடுப்பிலிருந்து எடுத்தது, தாள் வழியாகச் சூடு தெரிந்தது. கூடவே நாலு சப்பட்டை. இந்த முறை பெயர், விவரம் எழுதி ஒட்டலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"எதுக்கு சார்? மில் கேட்டுல நம்ம பாப்பாவுக்குத்தான? வையுங்க" என்றார்.

நம்ம பாப்பா என்றார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். என்ஜின் பெட்டியின் மேல் இரண்டு கேரியருக்கு நடுவில் இடம் பார்த்துப் பையை வைத்தேன். ஒருமுறை தடவிப் பார்த்தேன். கையை எடுத்தேன்.

வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பியது. பின்னால் ஓடவில்லை. இரண்டு எட்டு வைத்தேன், அவ்வளவுதான்.